சொந்தக்காரங்க கல்யாணத்துக்குப் போய் தலையைக் காட்டிட்டு முழுசா வீடு திரும்புறது எப்படி: முழுமையான வழிகாட்டி

எங்க பெரியப்பா பொண்ணு கல்யாணத்துக்கு நான் ரெண்டு நாள் முன்னாடியே போயிட்டேன். வாசல்ல வாழை மரம் கட்டினது நான், நடு ராத்திரி தண்ணி கேன் தூக்கினது நான், தவில்காரருக்கு சக்கரை கம்மியா காபி வேணும்னு சமையக்கட்டுல சண்டை போட்டு வாங்கிட்டு வந்தது நான். ஆனா எங்க அத்தை இன்னிக்கு வரைக்கும் "நீதான் அந்தக் கல்யாணத்துக்கே வரலையேடா"ன்னு சொல்லிட்டு இருக்காங்க. இல்ல அத்தை வந்தேன்னா ஆல்பத்தை எடுத்து மடியில வெச்சு ஒவ்வொரு பக்கமா திருப்புறாங்க, நிஜமாவே ஒரு போட்டோல கூட நான் இல்ல. ஏன்னா போட்டோகிராபரோட அசிஸ்டன்ட் டிபன் சாப்பிடப் போனப்ப அந்த லைட் ஸ்டாண்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னது நான்தான். எல்லார் மூஞ்சியிலயும் விழுந்த வெளிச்சம் நான் காட்டினது, என் மூஞ்சி மட்டும் இல்ல.

அன்னிக்குப் புரிஞ்சது, கல்யாணத்துக்குப் போறது வேற, போனதா கணக்குல ஏறுறது வேற. இந்தக் கணக்கு மூணு இடத்துல எழுதப்படுது: மொய் நோட்டு, ஆல்பம், அப்புறம் முன் வரிசைல உக்காந்திருக்கிற ஏதோ ஒரு வயசான அம்மாவோட ஞாபகம். இந்த மூணுலயும் உங்க பேர் விழணும், கூடவே சாப்பாடும் கிடைக்கணும், செருப்பும் மிஞ்சணும். அதுக்குத்தான் இந்த வழிகாட்டி.

ஸ்டெப் 1: பத்திரிகையை ஒழுங்கா படிங்க

எல்லாரும் தேதியையும் மண்டபத்தையும் மட்டும் பாத்துட்டு ஃபிரிட்ஜ் மேல வெச்சிடுவாங்க. தப்பு. முதல்ல பத்திரிகை எப்படி வந்துச்சுன்னு பாருங்க. தாம்பாளத்துல வெத்தல பாக்கோட நேர்ல வந்து குடுத்தாங்களா, தபால்ல வந்துச்சா, வாட்ஸ்அப்ல வந்துச்சா. இதை வெச்சுத்தான் உங்க வீட்ல போகலாமா வேணாமான்னு ரெண்டு நாள் பஞ்சாயத்து நடக்கும். வாட்ஸ்அப்ல மட்டும் வந்தா அப்பா "நம்மளை மதிக்கல"ம்பார், அம்மா "அவங்களுக்கு முட்டி வலி, எப்படி வருவாங்க"ம்பாங்க, கடைசில எல்லாரும்தான் போவீங்க, அதனால அந்த ரெண்டு நாளும் நீங்க எதுவும் பேசாம இருக்கிறது நல்லது.

அடுத்தது கீழ இருக்கிற பேர் வரிசை. தங்கள் நல்வரவை விரும்பும்னு போட்டு ஒரு படையே இருக்கும்ல, அதுல யார் பேர் விட்டுப் போயிருக்குன்னு பாத்து வெச்சுக்கோங்க. அந்த ஆள் கண்டிப்பா கல்யாணத்துக்கு வருவார், வந்து சாப்பிட மாட்டேன்னு ஒரு தூணுக்குப் பக்கத்துல நிப்பார், அவரை சமாதானம் பண்ண நாலு பேர் போவாங்க. அந்த நாலு பேர்ல ஒருத்தரா நீங்க ஆயிடாதீங்க, பந்தி போயிடும்.

அப்புறம் சீசன். ஆடில கல்யாணம் கிடையாது, மார்கழில கிடையாது, புரட்டாசியும் நிறைய வீட்ல தவிர்ப்பாங்க, அதனால தை, வைகாசி, ஆவணில எல்லாம் ஒண்ணா வந்து குவியும். அதுலயும் ஞாயித்துக்கிழமை வளர்பிறை முகூர்த்தம் சிக்கிட்டா போச்சு, ஒரே நாள்ல மூணு பத்திரிகை. அப்போ குடும்பத்தைப் பிரிச்சு அனுப்ப வேண்டியதுதான். அம்மா அவங்க பக்கத்துக் கல்யாணம், அப்பா அவர் பக்கம், நடுவுல இருக்கிற, ரெண்டு பக்கமும் சரியா தெரியாத அந்த மூணாவது வீடு உங்க தலையில.

மண்டபத்து பேரை முழுசா படிங்க, தெரு பேரோட. இதை நான் தனியா சொல்றதுக்கு காரணம் இருக்கு, மொய் பத்தி வரும்போது சொல்றேன்.

ஸ்டெப் 2: போய்ச் சேர்றது

ரயில்ல 60 நாளைக்கு முன்னாடி ரிசர்வேஷன் திறக்குது (2024 நவம்பருக்கு முன்னாடி 120 நாளா இருந்துச்சு). சொந்தக்காரங்க சொல்றது சரியா 20 நாளைக்கு முன்னாடி. ஏன் மாமா முன்னாடியே சொல்லலன்னா "நம்ம வீட்டு விசேஷம், உனக்கெல்லாம் தனியா சொல்லணுமா"ம்பாங்க. அப்புறம் முந்தின நாள் தட்கல், ஏசிக்கு காலைல 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி, அதுவும் கிடைக்காம கிளாம்பாக்கத்துல போய் பஸ் ஏறுவீங்க. முகூர்த்த நாள்னா அரசே ஸ்பெஷல் பஸ் விடுது, அந்த அறிவிப்பு பேப்பர்ல வரும்போதே தெரிஞ்சுக்கலாம் ஊரே கல்யாணத்துக்குக் கிளம்புதுன்னு.

சொந்த ஊர்ல இருந்து மண்டபத்துக்கு வேன் வெச்சிருப்பாங்க. "காலைல 5 மணிக்கு வேன் டாண்ணு கிளம்பிடும், யாருக்காகவும் நிக்காது"ன்னு சொன்ன அதே சித்தப்பா 5.40க்கு பல் விளக்கிட்டு இருப்பார். வேன் கிளம்புறது ஆறரைக்கு. கிளம்பி தெருமுனை தாண்டினதும் யாராவது ஒருத்தருக்கு கேஸ் அடுப்பை அணைச்சோமான்னு சந்தேகம் வரும். ஜன்னல் சீட் பிடிங்க, பின்னாடி சீட்ல பூ கூடையும் வாந்தி எடுக்கிற குழந்தையும் கண்டிப்பா இருக்கும்.

ஸ்டெப் 3: உறவுமுறை ரிவிஷன் (இதை ஸ்கிப் பண்ணாதீங்க)

இங்கதான் முக்கால்வாசி பேர் ஃபெயில் ஆகுறாங்க. அங்கிள் ஆன்ட்டின்னு கூப்பிட்டா ஒரு தடவை பல்லைக் கடிச்சுப்பாங்க, ரெண்டாவது தடவை உங்க அம்மாகிட்ட போய் "பிள்ளையை என்ன வளர்த்திருக்க"ன்னு கேப்பாங்க.

அடிப்படை இதுதான். அப்பாவோட அண்ணன் தம்பி பிள்ளைங்க, அம்மாவோட அக்கா தங்கச்சி பிள்ளைங்க, இவங்கெல்லாம் உங்களுக்கு அண்ணன் தம்பி அக்கா தங்கச்சி. அம்மாவோட அண்ணன் தம்பி பிள்ளைங்களும் அப்பாவோட அக்கா தங்கச்சி பிள்ளைங்களும் முறைக்காரங்க. இது ஞாபகம் இல்லாம ஒரு மாமா பொண்ணு "அண்ணா தண்ணி எங்க இருக்கு"ன்னு உங்களைக் கேட்டுட்டா, கேட்ட அவளுக்கு தண்ணி கிடைக்காது, பக்கத்துல இருக்கிற பாட்டிகிட்ட இருந்து பாடம்தான் கிடைக்கும். "அண்ணாவா? முறையை மாத்திக் கூப்பிடறியே, அத்தான்னு கூப்பிடு"ன்னு மண்டபம் கேக்கிற மாதிரி சொல்லுவாங்க, ரெண்டு பேரும் அன்னிக்கு முழுக்க ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாக்க முடியாது.

இதுக்கு மேல ஒரு சிக்கல். சொந்தத்துக்குள்ளயே கல்யாணம் பண்ணின குடும்பம்னா ஒரே ஆளுக்கு ரெண்டு முறை வரும். அப்பா வழில பாத்தா சித்தப்பா, அம்மா வழில பாத்தா அண்ணன். எங்க வீட்ல அப்படி ஒருத்தர் இருக்கார், என்னை விட மூணு வயசு சின்னவர், எனக்குத் தாத்தா முறை. அவரும் என்னை "சாப்ட்டியாப்பா"ன்னு பெரிய மனுஷன் மாதிரியே கேட்டுட்டுப் போவார். அப்புறம் இந்த சகலை, ஓரகத்தி, சம்பந்தி, பங்காளி வகையறா. சகலைங்க ரெண்டு பேர் ஒண்ணா மண்டபத்து வாசல்ல நின்னா மாமனார் வீட்டைப் பத்தித்தான் பேசிட்டு இருப்பாங்க, பக்கத்துல போகாதீங்க, போனா சாட்சிக்கு உங்களை இழுப்பாங்க.

சுத்தமா தெரியலன்னா ஒரு வழி இருக்கு, எங்க அம்மா சொல்லிக் குடுத்தது. முறையே சொல்லாம "வாங்க வாங்க, எப்ப வந்தீங்க, சாப்ட்டீங்களா"ன்னு மூணையும் மூச்சு விடாம கேட்டுட்டு நகர்ந்துடணும். ஆனா இது "நான் யாருன்னு சொல்லு பாப்போம்" ஆசாமிகிட்ட பலிக்காது. கையைப் பிடிச்சுப்பாங்க, விட மாட்டாங்க. அந்த நேரத்துல "உங்களைத் தெரியாதா, அம்மா இப்பதான் உங்களைத் தேடிட்டு இருந்தாங்க, இருங்க கூட்டிட்டு வர்றேன்"னு சொல்லி ஓடிடுங்க. திரும்பி வர வேண்டியதில்ல.

ஸ்டெப் 4: வாசல்

பன்னீர் தெளிப்பாங்க, கண்ணை மூடிக்கோங்க, சில பேர் தெளிக்கிறது செடிக்கு மருந்து அடிக்கிற மாதிரி இருக்கும். சந்தனம் எடுங்க, கல்கண்டு ஒண்ணு எடுங்க, குழந்தைங்க கைநிறைய அள்ளும், பெரியவங்க அள்ளக் கூடாது.

செருப்பு. புதுசு போட்டுட்டுப் போகாதீங்க. போட்டுத்தான் ஆகணும்னா ஒண்ணை இந்தக் குவியல்லயும் இன்னொண்ணை அந்தக் குவியல்லயும் விடுங்க, ஜோடியா இல்லன்னா யாரும் மாத்திப் போட்டுட்டுப் போக மாட்டாங்க. நான் இதைப் பண்ணி ஒரு தடவை எந்தக் குவியல்னு மறந்து போய் முக்கா மணி நேரம் ஒத்தைக் கால்ல நின்னேன், ஆனாலும் முறை என்னவோ சரிதான்.

போனை வீட்லயே ஃபுல் சார்ஜ் போட்டுக்கோங்க. மண்டபத்துல வேலை செய்யிற ப்ளக் பாயிண்ட் மணமகள் அறையில மட்டும்தான் இருக்கும், அங்க ஏற்கனவே ரெண்டு முடி சுருட்டுற மிஷினும் ஒரு இஸ்திரிப் பெட்டியும் ஓடிட்டு இருக்கும், நீங்க உள்ள தலையை நீட்டினா பத்து பொம்பளைங்க ஒண்ணா கத்துவாங்க.

ஸ்டெப் 5: கேள்வி பதில்

கல்யாணம் ஆகலன்னா எப்போ கல்யாணம், ஆயிடுச்சுன்னா எப்போ விசேஷம், ஒரு குழந்தை இருந்தா அடுத்தது எப்போ. இதுக்கெல்லாம் பதில் தயார் பண்றது வேஸ்ட், கேக்கிறவங்க பதிலுக்கு நிக்கிறதில்ல. சம்பளம் எவ்வளவுன்னு கேட்டா "பிடித்தம் போக கைக்கு வர்றது கம்மிதான் மாமா"ன்னு ஆரம்பிச்சு வருமான வரி பத்தி பேசுங்க, அவங்களே வேற சீட்டுக்குப் போயிடுவாங்க. ஒரே நாள்ல ஒருத்தர் "இளைச்சுட்டியேப்பா"ம்பார், அடுத்தவர் "வெயிட் போட்டுட்ட"ம்பார். ரெண்டுக்கும் "ஆமா"ன்னு சொல்லுங்க.

ஸ்டெப் 6: தாலி கட்டுறதைப் பாக்கிறது

பாக்க முடியாது. அதை முதல்லயே ஏத்துக்கோங்க. முகூர்த்தம் 9-ல இருந்து 10.30ன்னு போட்டிருந்தா தாலி கட்டுறது என்னவோ அஞ்சு நிமிஷம், அந்த அஞ்சு நிமிஷத்துல உங்களுக்குத் தெரியப் போறது ரெண்டு கேமராமேன் முதுகு, தலைக்கு மேல கொசு மாதிரி சுத்துற ஒரு டிரோன், பொண்ணோட தாய்மாமனோட அங்கவஸ்திரம். ஐயர் கையைத் தூக்கி "கெட்டி மேளம், கெட்டி மேளம்"னு சொன்னதும் நாதஸ்வரமும் தவிலும் ஒண்ணா உச்சத்துக்குப் போகும். அந்த நேரத்துல தும்மல், அழுகை, அபசகுனமா ஒரு வார்த்தை எதுவும் காதுல விழக் கூடாதுன்னுதான் அவ்வளவு சத்தம்னு பெரியவங்க சொல்வாங்க. எனக்கு என்னமோ மாமாக்கள் பேசிட்டு இருக்கிறதை அமுக்கத்தான்னு தோணும்.

அட்சதையை முன்னாடியே தட்டுல கொண்டு வந்து குடுத்துடுவாங்க, அரை மணி நேரம் கையில வெச்சிருந்து உள்ளங்கை முழுக்க மஞ்சளாயிடும், வெள்ளைச் சட்டைல துடைச்சுடாதீங்க. பின் வரிசைல இருந்து போட்டா பொண்ணு மாப்பிள்ளை வரைக்கும் போகாது, நடுவுல இருக்கிற யாரோ ஒரு மாமாவோட வழுக்கைலதான் விழும். அவருக்கும் ஆசீர்வாதம் தேவைப்படலாம், போடுங்க.

முக்கியமான விஷயம், தாலி ஏறி முடிஞ்சதும் மண்டபம் ரெண்டா பிரியும். ஒரு கூட்டம் மேடைக்கு, ஒரு கூட்டம் மாடிப்படிக்கு. மூணாவது முடிச்சை நாத்தனார் போட்டு முடிக்கிறதுக்குள்ள நாற்காலியில ஆளே இருக்காது.

ஸ்டெப் 7: பந்தி

இதுக்கு தனி வழிகாட்டியே எழுதலாம்.

முதல் பந்திக்கு முயற்சி பண்ணாதீங்க. அது பஸ் பிடிக்கணும்ங்கிறவங்களுக்கும், சக்கரை மாத்திரை போட்டவங்களுக்கும், எப்பவுமே முதல் பந்தில மட்டுமே சாப்பிடுற ஒரு பரம்பரைக்கும் ஒதுக்கினது. உங்க இலக்கு ரெண்டாவது பந்தி. மூணாவதுல அப்பளம் நமத்துப் போயிடும், நாலாவதுல பாயசத்துக்குப் பதிலா மன்னிப்பு குடுப்பாங்க.

ரெண்டாவது பந்தில இடம் பிடிக்கணும்னா முதல் பந்தில சாப்பிட்டுட்டு இருக்கிற ஒருத்தரோட நாற்காலிக்குப் பின்னாடி போய் நிக்கணும். வெக்கமா இருக்கும், எனக்கும் இருந்துச்சு, பசி வந்தா பத்தும் பறந்துடும்னு சும்மாவா சொன்னாங்க. யார் பின்னாடி நிக்கிறதுங்கிறதுதான் கலை. சாம்பார் சாதத்துலயே இருக்கிறவர் வேணாம். ரசத்துக்கு குழி பண்ணிட்டார்னா பாதி தாண்டிட்டார். மோர் வாங்கிட்டார்னா நாற்காலி மேல கையை வெச்சிடலாம். ஆனா மோர் சாதத்தோட ஊறுகாயை நாலு தடவை தொட்டுக்கிட்டு, திரும்ப கொஞ்சம் ரசம் கேக்கிற ஜாதி ஒண்ணு இருக்கு, ஒல்லியா இருப்பாங்க, ஏமாந்துடாதீங்க. குழந்தையோட வந்திருக்கிற அம்மா பின்னாடியும் நிக்காதீங்க, அந்தக் குழந்தை முதல் வாயையே இன்னும் முழுங்கியிருக்காது.

உக்காந்தாச்சா. இலையோட நுனி உங்க இடது கைப் பக்கம் இருக்கணும், மாத்திப் போட்டிருந்தா எதிர்ல இருக்கிறவர் உங்களுக்கு சொல்லுவார், நீங்க பரிமாறுற பையனுக்கு சொல்லுவீங்க, அவன் அதுக்குள்ள பதினஞ்சு இலை தாண்டிப் போயிருப்பான். தண்ணி தெளிச்சு துடைங்க, மடியில ஊத்திக்காம. உப்பு ஊறுகாய்ல ஆரம்பிச்சு பொரியல் கூட்டு வடைன்னு வர்ற வரைக்கும் கையை வைக்காம இருக்கணும், ஆனா வடையை யாரும் பாக்காதப்ப கிள்ளிக்கலாம்.

பரிமாறுறவங்ககிட்ட போதும்னு சொல்றதுல ஒரு டைமிங் இருக்கு. வாயால சொன்னா நடக்காது. ரெண்டு கையையும் இலைக்குக் குறுக்க நீட்டி உடம்பாலயே மறைக்கணும். அப்படியும் "கல்யாண வீட்ல என்ன கூச்சம்"னு ஒரு மாமா பின்னாடி இருந்து வந்து "ஏய் இங்க ரெண்டு ஜாங்கிரி போடு"ம்பார், அவர் மாப்பிள்ளை வீடா பொண்ணு வீடான்னே யாருக்கும் தெரியாது. அதே நேரம் நீங்க நிஜமாவே கேட்ட வத்தக்குழம்பு வாளி, உங்க வரிசைக்கு ரெண்டு இலை முன்னாடி தீர்ந்து போய், எடுத்துட்டு வர்றேன்னு உள்ள போன ஆள் வரவே மாட்டார்.

முடிச்சதும் இலையை உங்களைப் பாத்து மடிங்க. எதிர்ப்பக்கமா மடிக்கிறது துக்க வீட்டுல. இதை மாத்தி மடிச்சா பக்கத்துல இருக்கிற பெரியம்மா அதை அடுத்த பத்து வருஷத்துக்கு ஞாபகம் வெச்சுப்பாங்க, முன்னாடி சொன்னேனே மூணாவது கணக்கு, அதுல ஏறுறதுக்கு இது தப்பான வழி.

ஸ்டெப் 8: மொய்

கவர்லயே ஒரு ரூபா காசு ஒட்டி விக்கிறாங்க, ஏன்னா 500 குடுக்க மாட்டோம், 501தான். எவ்வளவு எழுதணும்னு நீங்க முடிவு பண்ண முடியாது, அது ஏற்கனவே முடிவாயிடுச்சு. அவங்க உங்க அக்கா கல்யாணத்துக்கு எவ்வளவு எழுதினாங்கன்னு பழைய நோட்டைப் பாத்து, அதுக்கு மேல கொஞ்சம் போட்டு எழுதணும். எங்க ஊர்ப் பக்கம், பேராவூரணி, கீரமங்கலம், வடகாடுன்னு அந்த ஏரியா முழுக்க ஆடி மாசம் மொய் விருந்துன்னே தனியா வைப்பாங்க, கல்யாணமே இல்லாம மொய்க்காகவே ஒரு விருந்து, கறிச் சோறு போட்டு. மதுரைப் பக்கம் கம்ப்யூட்டர் வெச்சு மொய்க்கு ரசீது பிரிண்ட் எடுத்து குடுக்கிறாங்க. 2021-ல அங்க ஒரு கல்யாணப் பத்திரிகையிலயே கியூஆர் கோடு அச்சடிச்சு அது செய்தியாவே வந்துச்சு.

எதுவா இருந்தாலும் பேரை முழுசா சொல்லி, ஊர், அப்பா பேர், இனிஷியலோட எழுதுறாங்களான்னு குனிஞ்சு பாருங்க. அப்படித்தான் நானும் பாத்தேன். ஒரு வைகாசி ஞாயிறு, அப்பாவோட ஃப்ரெண்ட் பையன் கல்யாணம், நான் முன்ன பின்ன அவங்களைப் பாத்ததில்ல. மண்டபத்துக்குப் போனேன், பன்னீர் தெளிச்சாங்க, வாங்க வாங்கன்னு கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய் உக்கார வெச்சாங்க, இட்லி, பொங்கல், கேசரி எல்லாம் சாப்பிட்டேன், நேரா மொய் டேபிளுக்குப் போய் 501 எழுதி பேர் ஊர் விலாசம் எல்லாம் சரியா ஏறிடுச்சான்னு செக் பண்ணிட்டு நிமிந்து பாத்தா பின்னாடி போர்டுல வேற பொண்ணு வேற மாப்பிள்ளை. அதே பேர்ல அடுத்த தெருவுல இன்னொரு மண்டபம் இருக்காம். எழுதினவர்கிட்ட போய் திருப்பிக் குடுங்கன்னு எப்படிக் கேக்கிறது, அவங்க கேசரி என் வயித்துல இருக்கு. அடுத்த மண்டபத்துக்கு ஓடிப் போய் அங்கயும் ஒரு 501.

ஸ்டெப் 9: போட்டோ

லைட் ஸ்டாண்டைத் தொடாதீங்க. யார் கூப்பிட்டாலும்.

மேடைக்கு வரிசைல போகும்போது உங்க முன்னாடி பெரிய குடும்பம் இருக்கான்னு பாத்து அவங்களோடவே ஏறிடுங்க, எந்தப் பக்கத்து சொந்தம்னு யாரும் கேக்க மாட்டாங்க. ஓரத்துல நிக்காதீங்க, ஆல்பம் டிசைன் பண்றவர் ஓரத்தைத்தான் வெட்டுவார். பொண்ணுக்கோ மாப்பிள்ளைக்கோ நேர் பின்னாடி, தலைக்கு மேல தலை தெரியிற மாதிரி.

ஸ்டெப் 10: கிளம்புறது

தாம்பூலப் பையை வாங்காம கிளம்பக் கூடாது, அதுல தேங்காய், வெத்தல, பாக்கு இருக்கும். ரெண்டு பை கேட்டா குடுப்பாங்க, மூணாவது கேட்டா "வீட்ல எத்தனை பேர்"னு கேப்பாங்க. கிளம்பும்போது "போறேன்"னு சொல்லாதீங்க, "போயிட்டு வர்றேன்"தான், அதையும் ஒவ்வொருத்தர்கிட்டயும் தனித்தனியா சொல்லணும், ஒருத்தரை விட்டாலும் "சொல்லாம கொள்ளாம போயிட்டான்". இதுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்க, ஏன்னா ஒவ்வொருத்தரும் "என்ன அவசரம், சாப்ட்டுட்டுப் போ"ன்னு மறுபடி மாடிப்படி பக்கம் தள்ளுவாங்க.

நான் தப்பா போன அந்த வீட்ல இருந்து போன வாரம் எனக்கு பத்திரிகை வந்திருக்கு. அவங்க ரெண்டாவது பொண்ணுக்குக் கல்யாணமாம். நாலு மூலைலயும் மஞ்சள் தடவி, மொய் நோட்டுல இருந்த மாதிரியே இனிஷியலோட என் பேர் எழுதி, அந்த வீட்டுப் பெரியவர் 40 கிலோமீட்டர் பஸ் ஏறி வந்து தாம்பாளத்துல வெச்சு குடுத்துட்டுப் போயிருக்கார். "தம்பி மூத்தவ கல்யாணத்துக்கு தனியா வந்துட்டு அவசரமா போயிட்டீங்க, இந்தத் தடவை குடும்பத்தோட வரணும்"னு எங்க அம்மாகிட்ட சொல்லியிருக்கார். அத்தை கணக்குல பெரியப்பா வீட்டுக் கல்யாணத்துக்கு நான் வரலையாம், இவர் ஞாபகம் வெச்சிருக்கார். அம்மா இவங்க நமக்கு என்ன முறைன்னு கேட்டாங்க, நான் சொல்லல, அவங்க பட்டுப்புடவையை வெயில்ல காயப் போட்டுட்டாங்க.